தீவாந்தரம் போனவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

பிரிட்டன் தன் கைதிகளை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றியது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பதில்களில் பெரும்பகுதி 1820களிலும் 1830களிலும் நியூ சவுத் வேல்ஸிலும், அன்று வான் டீமன்ஸ் லேண்ட் எனப்பட்ட டாஸ்மேனியாவிலும் இருந்த நிலவரம். அதற்கு முன்னும் பின்னும் விதிகள் மாறிக்கொண்டே இருந்தன.

ஒரு ரொட்டி திருடியதற்கு ஏழு வருடம் நாடுகடத்தினார்கள் என்று படித்த ஞாபகம். நிஜமா, கதையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பாதி நிஜம். தின்பண்டம் திருடி மாட்டியவர்களும் கப்பலேறியிருக்கிறார்கள். ஆனால் பதிவேடுகளைப் புரட்டினால் கண்ணில் படுவது வேறு: துணிக்கட்டு, கைக்குட்டை, கடிகாரம், பட்டறைக் கருவி, ஆடு, குதிரை. பெரும்பாலானவை சொத்துத் திருட்டு. அதிலும் பலர் முன்பே ஒரு தடவையாவது பிடிபட்டவர்கள். முதல் குற்றத்துக்கே நாடு விட்டு நாடு போன அப்பாவிகள் என்று எல்லோரையும் நினைக்க வேண்டாம். கொடூரக் கொலைகாரர்கள் என்றும் நினைக்க வேண்டாம். கொலைகாரனை ஊரிலேயே தூக்கில் போட்டுவிடுவார்கள்.

அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் தூக்குக்குரிய குற்றங்கள் 200க்கு மேல். அத்தனைக்கும் தூக்குப் போட நீதிபதிகளுக்கே கை வரவில்லை. சவுக்கடிக்கும் தூக்குக்கும் நடுவில் ஒரு தண்டனை தேவைப்பட்டது, அதுதான் நாடுகடத்தல். 7 வருடம், 14 வருடம், ஆயுள் என்று மூன்று அளவுகள். பாதிக்கு மேற்பட்டோர் 7 வருடக்காரர்கள். 1775 வரை இவர்களை அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பினார்கள். அங்கே சுதந்திரப் போர் வெடித்ததும் அந்தக் கதவு மூடியது. 1787 மே 13 அன்று போர்ட்ஸ்மவுத்திலிருந்து 11 கப்பல்கள் ஆர்தர் பிலிப் தலைமையில் புறப்பட்டு, 1788 ஜனவரி 26 அன்று ‘சிட்னி கோவ்’ என்ற சிறு வளைகுடாவில் கரையேறின. கடைசிக் கைதிக் கப்பலான ஹௌகுமோன்ட் 1868 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேன்டிலுக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த 80 வருடங்களில் போனவர்கள் சுமார் 1,62,000 பேர்.

அரசியல் கைதிகள் சிறு பங்குதான், பெயர் மட்டும் பெரிது. 1834இல் டால்பட்டில் கிராமத்து விவசாயக் கூலிகள் ஆறு பேர் சங்கம் கட்டி ரகசியச் சத்தியம் எடுத்ததற்காக 7 வருடத் தண்டனை பெற்றார்கள். ஊரெல்லாம் எதிர்ப்புக் கிளம்பியதால் 1836இல் மன்னிப்பு கிடைத்தது.

தீர்ப்பு சொன்ன மறுநாளே கப்பல் ஏற்றிவிடுவார்களா?
– கல்லூரி மாணவி, மதுரை

இல்லை. பல மாதங்கள், சிலருக்கு வருடக்கணக்கில் காத்திருப்பு. ஆண்களைக் கடலுக்குப் போக லாயக்கற்ற பழைய போர்க்கப்பல்களில் அடைத்தார்கள். பாய்மரம் இறக்கி நங்கூரம் போட்டு நிறுத்திய இந்த மிதக்கும் சிறைகளுக்கு ‘ஹல்க்’ என்று பெயர். வுல்விச், போர்ட்ஸ்மவுத், பிளிமவுத் துறைகளில் நின்றன. பகலில் கரைக்குக் கொண்டுபோய் மண் வாரவும் மரம் சுமக்கவும் விடுவார்கள். ராத்திரி கீழ்த்தளத்தில் போட்டுப் பூட்டுவார்கள். அமெரிக்கக் கதவு மூடிய 1776இல், தற்காலிகமாக என்று சொல்லித் தொடங்கினார்கள். அது 80 வருடம் நீடித்தது.

அவ்வளவு தூரக் கப்பல் பயணத்தில் எப்படிப் படுத்தார்கள், என்ன சாப்பிட்டார்கள்? பாதிப்பேர் வழியிலேயே செத்தார்கள் என்கிறார்களே?
– வணிகக் கப்பல் ஊழியர், தூத்துக்குடி

பாதிப்பேர் என்பது எந்தக் காலத்துக்கும் பொருந்தாது. யார் பணம் கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள் என்று பார்த்தால் சாவுக் கணக்கு புரிந்துவிடும்.

1790இல் போன இரண்டாம் கப்பல் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்ததாரர்கள் அதுவரை அடிமை வியாபாரத்துக்குக் கப்பல் விட்டவர்கள். ஏற்றிய தலை ஒன்றுக்கு 17 பவுண்டு 7 ஷில்லிங் 6 பென்ஸ் என்று பேச்சு. ‘ஏற்றிய’ என்பதைக் கவனியுங்கள். உயிரோடு இறக்கினாலும் பிணமாகக் கடலில் வீசினாலும் தொகை அதேதான். செத்தவனின் சாப்பாடும் மிச்சம். மிஞ்சியதை சிட்னியில் விற்றுக் காசு பார்த்தார்கள். காலில் போட்டதும் அடிமைக் கப்பல் விலங்கு: இரண்டு கணுக்காலுக்கும் நடுவே முக்கால் அடி நீள இரும்புக் கம்பி. காலை அகட்டவும் முடியாது, கப்பல் சாய்ந்தால் தடுமாறாமல் நிற்கவும் முடியாது. ஏறிய சுமார் 1,000 பேரில் கால்வாசிப்பேர் வழியிலேயே இறந்தார்கள். நெப்டியூன் என்ற ஒரே கப்பலில் 158 பேர். பக்கத்தில் கிடந்தவன் செத்ததை மறைத்து வைத்து அவன் பங்குச் சாப்பாட்டையும் வாங்கித் தின்ற கைதிகள் இருந்தார்கள் என்றால் பசியை ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த அவலத்துக்குப் பிறகு உயிரோடு இறக்கியதற்கென்று தொகையில் ஒரு பகுதியை நிறுத்தி வைக்கும் ஒப்பந்தங்கள் வந்தன. பெரிய மாற்றம் 1815இல். முந்தைய வருடம் வந்த மூன்று கப்பல்களில் காய்ச்சலும் சாவும் அதிகமாக, காரணத்தை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தவர் வில்லியம் ரெட்ஃபெர்ன் என்ற மருத்துவர். அவரே 1797 கடற்படைக் கலகத்தில் சிக்கித் தூக்குத் தண்டனை பெற்று, அது குறைக்கப்பட்டு சிட்னி வந்த கைதிதான்! அவர் யோசனைப்படி ஒவ்வொரு கப்பலிலும் ஒரு கடற்படை மருத்துவர் வந்தார். கைதிகள் விஷயத்தில் கப்பல் தலைவனுக்கு அல்ல, அவருக்குத்தான் அதிகாரம். அதன்பின் சாவு விகிதம் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று இறங்கியது.

படுக்கை: ஆறடிக்கு ஆறடிச் சதுரப் பலகை ஒன்றில் நாலு பேர். ஆளுக்கு ஒன்றரை அடி அகலம். ஒருவன் புரண்டால் நாலு பேரும் புரள வேண்டும். சாப்பாடு உப்புக் கண்டம், பிஸ்கட், பட்டாணி, ஓட்ஸ் கஞ்சி. துறைமுகம் விட்டுச் சில வாரமானதும் தினமும் ஒரு அவுன்ஸ் எலுமிச்சைச் சாறு, சர்க்கரையோடு. அதிகாரி கண்ணெதிரிலேயே குடித்துவிட வேண்டும். ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய்க்கு அதுதான் தடுப்பு. தளத்தை நனைத்துக் கழுவினால் ஈரம் தங்கி நோய் வரும் என்று, மணற்கல்லால் உலர்வாகத் தேய்க்கச் சொன்ன மருத்துவர்கள் உண்டு. முதல் அணிக்கு 8 மாதத்துக்கு மேல் பிடித்தது. 1830களில் நாலு மாதம் போதும்.

கரையில் இறங்கியதும் முதலில் என்ன நடக்கும்?
– வாசகர், சேலம்

இறங்குவதற்கு முன்பே, கப்பலிலேயே எழுத்தர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பெயர், வயது, மதம், எழுதப் படிக்கத் தெரியுமா, கல்யாணம், பிள்ளைகள், சொந்த ஊர், தொழில், குற்றம், எந்தக் கோர்ட், முந்தைய தண்டனை என்று வரிசையாகக் கேள்வி. பிறகு உயரம், கண் நிறம், முடி, வடு, பச்சை குத்தல் வரை எழுதுவார்கள். ஓடிப்போனால் அடையாளம் சொல்ல வேண்டுமே. டாஸ்மேனியாவின் தலைநகரான ஹோபார்ட்டில் ‘என்ன குற்றம் செய்தாய்’ என்று கைதியின் வாயாலேயே சொல்லவைத்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த சிறைக் குறிப்பு எழுத்தர் மேசையில் இருக்கும். பொய் சொன்னால் அங்கேயே குட்டு உடையும் என்பதால் பலர் உண்மையைச் சொன்னார்கள். சில சமயம் கோர்ட்டில் வராத பழைய திருட்டையும் சேர்த்து!

தலையெழுத்தைத் தீர்மானித்தது ‘தொழில்’ என்ற பத்திதான். கொத்தன், தச்சன், கொல்லன் என்றால் அரசாங்கம் தன்னிடமே வைத்துக்கொள்ளும். எழுதப் படிக்கத் தெரிந்தவன் எழுத்தர் நாற்காலிக்குப் போக வாய்ப்பு உண்டு. ஏர் ஓட்டத் தெரிந்தவனுக்காகக் குடியேறிகள் வரிசையில் நின்றார்கள். லண்டன் தெருவில் ஜேப்படி அடித்ததைத் தவிர வேறெதுவும் தெரியாதவன் மண்வெட்டியோ ஆட்டு மந்தையோ பிடிக்க வேண்டியதுதான்.

சிறையில் அடைக்காமல் தனியார் பண்ணைக்கு அனுப்பினார்கள் என்றால் அது கொத்தடிமை இல்லையா? கூலி கொடுத்தார்களா? என்ன சாப்பாடு?
– விவசாயி, மன்னார்குடி

கொத்தடிமைக்கு மிக அருகில்தான், ஆனால் இரண்டு வித்தியாசங்கள். ஆயுள் கைதி தவிர மற்றவர்களின் தண்டனைக்கு முடிவு தேதி உண்டு. பிள்ளைகள் சுதந்திரப் பிரஜைகளாகப் பிறந்தார்கள். மற்றபடி ‘ஒப்படைப்பு’ என்ற இந்த முறையில் கைதியின் உழைப்பு முழுக்க எஜமானுக்கு. கூலி கிடையாது. அரசாங்கத்துக்கு வாயும் வயிறும் மிச்சம், குடியேறிக்குக் கூலி மிச்சம். 1830களில் நியூ சவுத் வேல்ஸ் கைதிகளில் பெரும்பான்மையோர் இப்படி ஒப்படைக்கப்பட்டவர்கள்தான்.

எஜமான் கொடுத்தே ஆகவேண்டியதை விதி அவுன்ஸ் சுத்தமாக எழுதி வைத்திருந்தது. வாரத்துக்கு: கோதுமை 12 பவுண்டு, அல்லது அரைத்த மாவு 9 பவுண்டு, மாட்டிறைச்சியோ ஆட்டிறைச்சியோ 7 பவுண்டு, அல்லது உப்புப் பன்றி இறைச்சி நாலரைப் பவுண்டு, உப்பு 2 அவுன்ஸ், சோப்பு 2 அவுன்ஸ். நம் கணக்கில் கோதுமை ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ, இறைச்சி மூன்று கிலோவுக்குச் சற்று மேல். வருடத்துக்கு மேல்சட்டை இரண்டு, உள்சட்டை மூன்று, கால்சட்டை இரண்டு, செருப்பு மூன்று ஜோடி, தொப்பி ஒன்று. படுக்க ஒரு மெத்தை, ஒரு கம்பளி.

இங்கிலாந்துப் பண்ணைக் கூலிக்கு வாரம் ஒருநாள் இறைச்சி கிடைத்தாலே அதிசயம் என்ற காலத்தில் இது நல்ல சாப்பாடுதான். கோளாறு வேறிடத்தில். கோதுமையாகக் கொடுத்தால் பொழுது சாய்ந்த பிறகு கைதியே கை இயந்திரத்தில் அரைக்க வேண்டும். இறைச்சி எலும்போடு சேர்த்துத்தான் எடை. காய்கறி பற்றி விதியில் ஒரு வார்த்தை இல்லை. டீ, சர்க்கரை, புகையிலை மூன்றும் உரிமை அல்ல, சலுகை. நன்றாக உழைத்தால் கிடைக்கும், முறைத்தால் நிற்கும். விவரமான எஜமான்கள் சவுக்கைவிட டீத்தூளை வைத்தே அதிக வேலை வாங்கினார்கள்.

ஆட்டுப் பண்ணைகளில் குடிசைக்கு மூன்று பேர்: பகலில் ஆளுக்கு ஒரு மந்தையோடு போகும் மேய்ப்பர்கள் இருவர், குடிசைக்காரன் ஒருவன். அவன் சமைக்க வேண்டும், கிடை மறிக்கும் மரத்தட்டிகளை இடம் மாற்றிப் போட வேண்டும், ராத்திரி காட்டு நாய்க்குக் காவல் இருக்க வேண்டும். கிடை போட்டுப் பழகிய நம் கீதாரிகளுக்கு இதில் புதிதாக எதுவுமில்லை. ஒன்றே ஒன்று: இங்கே ஆடு காணாமல் போனால் மேய்ப்பன் முதுகில் சவுக்கு விழும். அதுவரை மாதக்கணக்கில் வேற்று முகம் பார்க்காத தனிமை.

அப்படியானால் எஜமான் நினைத்தபோதெல்லாம் அடிக்கலாமா?
– வழக்கறிஞர், திருச்சி

சட்டப்படி ஒரு அடிகூட அடிக்கக் கூடாது. மாஜிஸ்திரேட்டிடம் அனுப்ப வேண்டும். பல சமயம் காவலுக்கு ஆள் வைக்காமல், மூடிய கடிதத்தைக் கைதியிடமே கொடுத்து நடந்தே போகச் சொல்வார்கள். தன் முதுகுக்கான உத்தரவைத் தானே சுமந்துகொண்டு பல மைல் போவான், அடி வாங்குவான், திரும்பி வந்து அன்றே வேலையில் நிற்பான். ஓடிவிட மாட்டானா என்றால், ஓடினால் இன்னும் பெரிய தண்டனை என்பது அவனுக்குத் தெரியும்.

ஓட்டை எங்கே என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாஜிஸ்திரேட்டும் ஒரு நிலக்கிழார். தன் ஆளின் வழக்கைத் தானே விசாரிக்கக் கூடாது, ஆனால் பக்கத்துப் பண்ணைக்காரர் வழக்கை விசாரிக்கலாம். இன்று உன் ஆளுக்கு நான், நாளை என் ஆளுக்கு நீ. ‘முறைத்துப் பார்த்தான்’, ‘சோம்பல்’ என்பவையெல்லாம் குற்றச்சாட்டுகள். 1832இல் நியூ சவுத் வேல்ஸ் கவர்னர் பூர்க் தனி மாஜிஸ்திரேட் விதிக்கக்கூடிய சவுக்கடியை 50 ஆகக் குறைத்தார். இனிக் கைதிகளைக் கட்டி மேய்க்க முடியாது என்று நிலக்கிழார்கள் மனுப் போட்டார்கள். சவுக்கு என்பது முடிச்சுப் போட்ட ஒன்பது கயிறுகள். 50 தடவை ஓங்கினால் 450 கோடுகள்.

கைதியும் எஜமான் மேல் புகார் கொடுக்கலாம்: சாப்பாடு குறைவு, துணி தரவில்லை என்று. ஆனால் பண்ணையை விட்டு வெளியே போக எஜமானின் அனுமதிச் சீட்டு வேண்டும். புகார் பொய் என்று முடிவானால் அதற்கும் அடி.

காலில் சங்கிலி, உடம்பில் அம்புக்குறிச் சட்டை: படங்களில் காட்டுவது சரியா?
– வாசகர், கோயம்புத்தூர்

எல்லோருக்கும் அல்ல. பண்ணைக்குப் போனவன் சாதாரண உழைப்பாளி உடையில்தான் இருந்தான். சங்கிலி, காலனியில் வந்து மறுபடி குற்றம் செய்தவனுக்கு. கொல்லன் கணுக்காலில் வளையத்தை வைத்துக் குளிராக ஆணி அடித்து இறுக்கிவிடுவான். மாதக்கணக்கில் கழற்ற முடியாது. தோல் உரியாமலிருக்க உள்ளே கந்தலோ தோலோ திணித்துக்கொள்வார்கள். அப்படியானால் கால்சட்டையை எப்படிக் கழற்றி மாட்டுவது? இரண்டு பக்கமும் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை பட்டன் வைத்துத் தைத்தார்கள். அந்தக் கால்சட்டைகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஒரு பாதி மஞ்சள், மறுபாதி கறுப்பு என்று தைத்த ‘மேக்பை’ உடை மோசமான தண்டனைக்காரர்களுக்கு. தொலைவிலிருந்தே தெரியட்டும் என்பதோடு அவமானமும் சேரட்டும் என்பதற்காக.

சங்கிலிக் கும்பல்கள் வெட்டிய சாலைகளில் 1826இல் தொடங்கிய கிரேட் நார்த் ரோடு பெயர் பெற்றது. சிட்னியிலிருந்து ஹன்டர் பள்ளத்தாக்குக்கு, 200 கிலோமீட்டருக்கும் மேல்.

பெண் கைதிகள் பற்றி யாருமே எழுதுவதில்லையே. அவர்களை என்ன செய்தார்கள்?
– இல்லத்தரசி, நாகர்கோவில்

நியாயமான குறை. போனவர்களில் சுமார் 25,000 பேர் பெண்கள். பெரும்பாலோர் வீட்டு வேலைக்காரிகள். குற்றம், எஜமானியின் துணியோ வெள்ளிக் கரண்டியோ எடுத்தது. அங்கே போயும் வீட்டு வேலைதான். கடிதத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் போவதும் அதேதான். ஆனால் 1817க்குப் பிறகு பெண்களுக்குச் சவுக்கு இல்லை, ‘ஃபாக்டரி’ உண்டு.

பெயரைப் பார்த்துத் தொழிற்சாலை என்று மட்டும் எண்ண வேண்டாம். சிட்னிக்கு அருகே பாராமட்டாவில் 1821இல் திறந்ததும் ஹோபார்ட்டில் 1828இல் ஒரு பழைய சாராய ஆலையில் தொடங்கிய கேஸ்கேட்ஸும் ஒரே நேரத்தில் சிறை, நெசவுக்கூடம், சலவைக்கூடம், பிரசவ ஆஸ்பத்திரி, வேலைக்கு ஆள் எடுக்கும் இடம் எல்லாமே. உள்ளே மூன்று வகுப்பு. முதல் வகுப்புக்காரிகள் மறுபடி வீட்டு வேலைக்குப் போகத் தகுதியானவர்கள். நடு வகுப்பு தையலும் நூற்பும். குற்ற வகுப்புக்கு ஊர்த் துணி வெளுப்பு. மொட்டையாகத் தலைமயிரை வெட்டுவதுதான் பெண்கள் அதிகம் வெறுத்த தண்டனை.

வேலைக்குப் போன வீட்டில் கர்ப்பமானால், யார் காரணமானாலும், ஃபாக்டரிக்குத் திரும்பி வரவேண்டியவள் அவள்தான். பால் மறக்க வைத்ததும் குழந்தையைப் பிரித்து வேறிடத்தில் வளர்த்தார்கள். நெரிசலிலும் வயிற்றுப்போக்கிலும் அந்தக் குழந்தைகள் ஏராளமாக இறந்தன. கேஸ்கேட்ஸ் வரலாற்றில் இதைவிட இருண்ட பக்கம் இல்லை.

பாராமட்டா பெண்கள் சும்மாவும் இருக்கவில்லை. 1827இல் ரொட்டியைக் குறைத்ததும் கதவை உடைத்து வெளியே வந்து ஊர்க் கடைகளில் ரொட்டியும் இறைச்சியும் அள்ளினார்கள். பட்டாளத்தை அழைக்க வேண்டியதாயிற்று.

ஒருவருமே தப்பவில்லையா?
– பத்தாம் வகுப்பு மாணவன், விழுப்புரம்

தப்பினார்கள் தம்பி. 1791இல் மேரி பிரையன்ட் என்ற பெண், கணவன், இரண்டு குழந்தைகள், இன்னும் ஏழு ஆண்களோடு கவர்னரின் படகையே எடுத்துக்கொண்டு கிளம்பி, 69 நாளில் சுமார் 5,000 கிலோமீட்டர் கடந்து திமோர் தீவின் குபாங்குக்குப் போய்ச் சேர்ந்தாள். கப்பல் உடைந்து வந்தவர்கள் என்று டச்சுக்காரர்களிடம் சொன்ன பொய் கொஞ்ச நாளில் வெளிப்பட்டது. கணவனும் இரு குழந்தைகளும் திரும்பும் வழியில் இறந்தார்கள். அவளுக்கு 1793இல் மன்னிப்பு கிடைத்தது. அதே 1791இல் அயர்லாந்துக்காரர்கள் 20 ஆண்களும் ஒரு பெண்ணும், வடக்கே நடந்தால் சீனா வந்துவிடும் என்று நம்பிப் புறப்பட்டார்கள்! நடுவில் கடல் இருப்பதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

வில்லியம் பக்லி 1803இல் ஓடி, வாதாவுரங் பழங்குடியினரோடு 32 வருடம் வாழ்ந்து 1835இல் வெளியே வந்தார். இங்கிலீஷே மறந்திருந்தது. டாஸ்மேனியாவில் இருந்த போர்ட் ஆர்தர் தண்டனை முகாமிலிருந்து ஓடுவது இன்னும் கடினம். அது இருக்கும் தீபகற்பம் 100 மீட்டருக்கும் குறைவான மணல் இடுக்கு ஒன்றால்தான் கரையோடு சேர்ந்திருக்கிறது. அதன் குறுக்கே ஒன்றையொன்று எட்டாத, ஆனால் யாரும் நடுவில் நுழைய முடியாத இடைவெளியில் நாய்களைக் கட்டி, விளக்கும் வைத்தார்கள்.

நன்னடத்தைக்குச் சீக்கிரம் விடுதலை உண்டா? என்ன விதிமுறை?
– அரசு ஊழியர், வேலூர்

உண்டு. ஒவ்வொரு கைதியும் தூங்கும்போதும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். பெயர் ‘டிக்கெட் ஆஃப் லீவ்’. இதைக் கையில் வைத்திருப்பவன் இன்னும் கைதிதான். ஆனால் தனக்குப் பிடித்த இடத்தில் கூலிக்கு வேலை பார்க்கலாம். 7 வருடக்காரனுக்கு 4 வருடம் கழித்து, 14 வருடக்காரனுக்கு 6 வருடம் கழித்து, ஆயுள் கைதிக்கு 8 வருடம் கழித்துக் கேட்கலாம்.

இதில்தான் சூட்சுமம்: இந்தக் கணக்கு ஒரே எஜமானிடம் இருந்தவனுக்கு. இரண்டு எஜமான் மாறினால் 5, 8, 10 வருடம். ஆயுள் கைதி மூன்று எஜமான் பார்த்துவிட்டால் 12. எஜமான் மோசமாக நடத்தினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்ததற்குக் காரணம் இதுதான். காலம் நெருங்கும்போது நல்ல வேலைக்காரனை இழக்க மனமில்லாமல், சின்னக் காரணத்துக்கு மாஜிஸ்திரேட்டிடம் அனுப்பிப் பதிவேட்டில் ஒரு வரி ஏற்றிவிட்டால் போதும், சீட்டு தள்ளிப்போகும் என்று சில எஜமான்கள் கண்டுகொண்டார்கள்.

சீட்டு கிடைத்தாலும் அதில் குறித்த மாவட்டத்துக்குள் மட்டும்தான். வெளியே போக இன்னொரு அனுமதிச் சீட்டு. குறித்த நாளில் ஆஜராகிப் பெயர் கொடுக்க வேண்டும், ஞாயிறு சர்ச்சுக்குப் போக வேண்டும். குடித்துவிட்டுத் தெருவில் கிடந்தாலோ ஆஜர் தவறினாலோ சீட்டு ரத்து, மறுபடி பண்ணை.

அதற்கு மேல் மூன்று தாள்கள். கால வரம்புள்ளவன் தண்டனை முடிந்ததும் விடுதலைச் சான்றிதழ். ஆயுள் கைதிக்கு அது கிடையாது; அவனுக்கு ‘நிபந்தனை மன்னிப்பு’: காலனிக்குள் முழுச் சுதந்திரம், பிரிட்டனுக்குத் திரும்பக் கூடாது. ‘முழு மன்னிப்பு’ என்றால் எங்கும் போகலாம். ஆரம்ப காலத்தில் விடுதலையானவனுக்கு 30 ஏக்கர், மனைவி இருந்தால் இன்னும் 20, பிள்ளை ஒன்றுக்கு 10 என்று இலவச நிலமும் உண்டு. 1831க்குப் பிறகு நிலத்தைக் காசுக்குத்தான் விற்றார்கள்.

விடுதலையானதும் ஊர் திரும்பினார்களா?
– வாசகி, புதுச்சேரி

மிகச் சிலரே. கொண்டுபோய் விடும் செலவு அரசாங்கத்துடையது. திரும்பும் செலவு கைதியுடையது. மாலுமியாகக் கூலிக்கு ஏறிக்கொண்டு போன ஆண்கள் உண்டு, பெண்களுக்கு அந்த வழியும் இல்லை. தண்டனை முடியுமுன் இங்கிலாந்தில் தலை காட்டினால் 1834 வரை தூக்கு.

அந்தமானுக்கு அனுப்பியதும் இதுவும் ஒன்றுதானே? நம் ஊர்க் கைதிகள் ஆஸ்திரேலியா போனதுண்டா?
– வரலாற்று ஆர்வலர், தஞ்சாவூர்

இரண்டுக்கும் ‘தீவாந்தர சிட்சை’ என்ற ஒரே பெயர்தான் நம் பெரியவர்கள் வாயில். அந்தமான் குடியேற்றம் 1858இல் தொடங்கியது, செல்லுலார் ஜெயில் கட்டி முடித்தது 1906இல். ஆஸ்திரேலியாவில் தனி அறைச் சிறை கடைசிக் காலத்தில்தான் முக்கியமாயிற்று.

சென்னை மாகாணக் கைதிகள் போன வழி வேறு: பினாங்கு, சுமத்ராவின் பென்கூலன், பிறகு சிங்கப்பூர். 1825 ஏப்ரலில் சிங்கப்பூரில் இறங்கிய முதல் கைதிக் கூட்டமே சென்னையிலிருந்து பென்கூலனுக்கு அனுப்பப்பட்டிருந்த 80 பேர். அங்குள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியது இந்தியக் கைதிகள். சுவர்ப் பூச்சு நம் சென்னைச் சுண்ணாம்பு: சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் நாட்டுச் சர்க்கரையும் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டு அரைத்தது. ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து போனவர்களில் முக்கியமானவர்கள், இங்கே ராணுவ நீதிமன்றம் தண்டித்த பிரிட்டிஷ் சிப்பாய்கள். ஒரு கொசுறு: நம் குற்றச் சட்டத்தில் ‘ஆயுள் நாடுகடத்தல்’ என்ற சொல் 1955இல் திருத்தும் வரை இருந்தது.

அந்த நிலத்தின் சொந்தக்காரர்கள் என்ன ஆனார்கள்?
– வாசகர், யாழ்ப்பாணம்

கைதிக்குக் கொடுத்த 30 ஏக்கரும் கிழார்களின் ஆயிரக்கணக்கான ஏக்கரும் பழங்குடியினரிடமிருந்து விலை கொடுக்காமல் பறித்தவை. 1789இலேயே சிட்னியைச் சுற்றியிருந்தவர்களை அம்மை வாரிக்கொண்டு போயிற்று. உள்நாட்டில் மந்தை பரவப் பரவ, முன்வரிசையில் துப்பாக்கியோடு நின்றது ஒப்படைக்கப்பட்ட கைதி. 1838 ஜூன் 10 அன்று நியூ சவுத் வேல்ஸின் மயால் கிரீக்கில் பழங்குடியினரில் பெண்களும் குழந்தைகளுமாக குறைந்தது 28 பேரைக் கொன்றார்கள். விசாரணைக்கு நின்ற 11 பேரும் கைதிகளோ முன்னாள் கைதிகளோதான். ஏழு பேர் தூக்கிலேறினார்கள். கூட்டத்தில் சுதந்திரமாகப் பிறந்த ஒரே ஒருவன், நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை, கடைசி வரை பிடிபடவில்லை.

என் மகள் சிட்னியில் இருக்கிறாள். அவள் கணவர் வீட்டார், தங்கள் கொள்ளுத்தாத்தாவின் தாத்தா கைதியாக வந்தவர் என்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது? போய்ப் பார்க்க இடம் உண்டா?
– வாசகி, மயிலாடுதுறை

தாராளமாகச் சரிபார்க்கலாம் அம்மா. ஒரு காலத்தில் குடும்பங்கள் இதை மூடி மறைத்தன. 1856இல் வான் டீமன்ஸ் லேண்ட் டாஸ்மேனியா என்று பெயர் மாறியதே அந்தக் கறையைக் கழுவத்தான். இன்று நேர்மாறு, பெருமையாகச் சொல்கிறார்கள்.

முதலில் பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றிதழ்களைக் கொண்டு இன்றிலிருந்து பின்னோக்கிப் போகச் சொல்லுங்கள். நேரே 1820க்குத் தாவிப் பெயர் தேடினால் தப்பான ஆளைத் தாத்தாவாக்கிக்கொள்வீர்கள். ஜான் ஸ்மித்துகள் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். கப்பல் பெயரும் வந்த வருடமும்தான் சாவி. அது கிடைத்துவிட்டால் நியூ சவுத் வேல்ஸ் மாநில ஆவணக் காப்பகத்திலோ டாஸ்மேனியா நூலகங்களின் இணையதளத்திலோ அவருடைய பதிவைத் திறக்கலாம். டாஸ்மேனியாவின் நடத்தைப் பதிவேடுகளில் ஒவ்வொரு தண்டனையும் தேதியோடு இருக்கும். படங்களை இலவசமாகவே பார்க்கலாம். கையெழுத்துச் சுருக்கங்கள்தான் தலைவலி. விசாரணை லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நடந்திருந்தால் சாட்சிகள் சொன்னதுகூட இணையத்தில் கிடைக்கும். பொய்ப் பெயரில் தண்டனை பெற்றவர்களும் உண்டு. பதிவில் இருக்கும் ‘வேறு பெயர்’ பத்தியைத் தவறவிட வேண்டாம்.

பார்க்க, சிட்னி நகர நடுவிலேயே கைதிகள் தங்கிய ஹைட் பார்க் பாரக்ஸ் என்ற கட்டடம் இருக்கிறது. 2010இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களான 11 கைதித் தலங்களில் ஒன்று. அதை வடிவமைத்த பிரான்சிஸ் கிரீன்வே கள்ளப் பத்திரம் தயாரித்த குற்றத்துக்காக 14 வருடத் தண்டனை பெற்று வந்தவர். 1819இல் கட்டடம் திறந்தபோது முழு மன்னிப்பு கிடைத்தது. பின்னாளில் ஆஸ்திரேலியாவின் முதல் 10 டாலர் நோட்டில் அவர் முகத்தையே அச்சடித்தார்கள்! 600 பேருக்குக் கட்டியதில் 1,400 பேர் வரை தூளித் தொட்டில்களில் தொங்கினார்கள். மேல்மாடியில் தரைப்பலகைக்கு அடியில் கிடைத்த பொருட்களைக் கட்டாயம் பாருங்கள். கைதிகளின் சட்டைத் துணி, கந்தல், காகிதத் துண்டு என்று கூடு கட்ட இழுத்துப்போய்ப் பதுக்கியவை எலிகள். அருங்காட்சியகத்தில் இருப்பவற்றில் நல்ல பங்கு அந்த எலிகளின் சேகரிப்பு.